எங்கே பார்த்தாலும் பிறை

கிண்ணியாவில் டைலர் நானா என்றால் ஸஹாப்தீனைத்தான் சொல்வார்கள். ஊரில் வேறு தையல்காரர்களும் பலர் இருக்கிறார்கள். ஆனாலும் அந்தப் பெயர் இவரோடு ஒட்டிக்கொண்டது தையலால் அல்ல, கண்ணால்.

றமழான் தொடங்கும்போதும் முடியும்போதும் பிறை பார்க்கப் பாலத்தடியில் சனம் கூடும். தம்பலகாமக் குடாவின் தண்ணீருக்கு மேலே வானம் சிவந்து, பிறகு சாம்பல் பூத்து வரும். எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரம் யாராவது ஒருவர், "டைலர் நானா வந்திட்டாரா?" என்று கேட்பார். அவர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வந்து நிற்பார். பார்ப்பார். கண்ணை மூடுவார். பிஸ்மி சொல்லித் திறந்து இன்னொரு தரம் பார்ப்பார். அதன் பிறகுதான் விரல் எழும்பும். விரல் எழும்பினால் அங்கே பிறை இருக்கும்.

ஒரு வருடம் முழு ஊரும் பெருநாளுக்கு ஆசைப்பட்டு நின்றது. மேகத்துக்குள் ஒரு வெள்ளைக் கீற்றைக் கண்டு நாலைந்து பேர் தக்பீர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஸஹாப்தீன் மட்டும், "நான் காணல்ல" என்றார்.

"சும்மா ஓமெண்டு சொல்லுங்க நானா. வீட்டில ஆடு கட்டி வச்சிரிக்கி" என்றான் ஒருவன்.

"ஆடு இன்னொரு நாளைக்கு இருந்தா சாகாது. நான் செத்தா கப்றுக்குள்ள பதில் சொல்லணும்" என்றார் இவர்.

நாட்டில் வேறெங்கும் அன்றைக்குப் பிறை தெரியவில்லை என்று பிறகு தெரிந்தது. அதிலிருந்து பள்ளிவாசல் தலைவர் ஐதுறூஸ் ஹாஜியார், "ஸஹாப்தீன் கண்டா நான் கண்ட மாதிரி" என்று நாலு பேர் முன்னால் சொல்லத் தொடங்கினார். அல்லாஹ் ஒருவருக்கு வயலைக் கொடுக்கிறான், ஒருவருக்குத் தோணியைக் கொடுக்கிறான். ஸஹாப்தீனுக்குக் கொடுத்தது இரண்டு கண்ணும், அந்தக் கண்ணை நம்பி ஊர் எடுத்துக்கொள்கிற ஒரு சொல்லும். வேறு சொத்து என்று அவருக்குப் பெரிதாக எதுவும் இல்லை. மகள்மார் இரண்டு பேரையும் தோப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, வீட்டின் முன் அறையில் மெசினைப் போட்டுக்கொண்டு, மனைவி றுக்கியாவோடு இருந்தார்.

றுக்கியாவின் தம்பி அஸீம் கத்தாரில் கிரேன் ஓட்டுகிறவன். நாற்பதைத் தாண்டியவன். பள்ளிக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவன், ஊரில் நல்ல பெயர். அந்த நோன்பு மாதம் லீவில் வந்தவன் ஒரு லேசரைக் கொண்டு வந்திருந்தான். கறுப்பு இரும்பில், ஒரு சாண் நீளத்தில், கைக்குக் கனமான சாமான். ஊரில் எவருக்கும் அதற்கு ஒரு பெயர் தெரியவில்லை. பார்க்க டோர்ச் மாதிரி இருந்தபடியால் 'லேசர் டோர்ச்' என்றார்கள். இரண்டொரு நாளில் 'லேசர்' உதிர்ந்து வெறும் 'டோர்ச்' ஆயிற்று. பொல்லாப்பு அந்தப் பெயரில்தான் தொடங்கியது. டோர்ச் என்றால் எல்லார் வீட்டிலும் கிடக்கிறதுதானே. அதற்கு யார் பயப்படுவார்கள்?

அந்த டோர்ச் நெருப்புப் பெட்டி இல்லாமல் நெருப்புக் குச்சியைப் பற்றவைத்தது. ஊதிய பலூனைத் தொடாமல் உடைத்தது. கறுப்புத் துணியில் பிடித்தால் புகை எழும்பி ஓட்டை விழுந்தது. அஸீமின் முற்றத்தில் ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். நோன்புப் பசி தெரியாமல் பொழுது போக வேண்டுமே.

பிள்ளைகள் கிட்டப் போனால் அஸீம் அதட்டுவான். "தொடப்படாது. பதினெட்டு வயசுக்குக் கீழ குடுக்கக்கூடாதெண்டு பெட்டியிலேயே போட்டிரிக்கி. இது வயசுக்கு வந்த ஆக்களுட சாமான்."

அவன் சொன்னபடியே நடந்தான். பிள்ளைகளின் கைக்கு ஒரு நாளும் எட்டவிடவில்லை. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினான். பெட்டிக்குள் ஒரு செம்மஞ்சள் கண்ணாடியும் இருந்தது. டோர்ச்சைக் கையில் எடுத்தால் அந்தக் கண்ணாடியை மூக்கில் போடாமல் ஒரு தரமும் அடிக்க மாட்டான்.

"சீனக்குடாவில பிளேன் இறங்குற பக்கம் அடிச்சிராதடா" என்று ஒரு வயதாளி சொன்னார்.

"நான் என்ன சின்னப் பொடியனா?" என்றான் அஸீம்.

நோன்பு பாதியைத் தாண்டியிருந்தது. பெருநாள் தையலில் ஸஹாப்தீனுக்குத் தலை நிமிர நேரமில்லை. ஒரு பின்னேரம் அஸீம் டோர்ச்சோடு வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றான். றுக்கியா வாசற்படியில் இருந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், இன்னும் இந்த ஓட்டை மெசினா? நீங்க தைக்கிற காற்சட்டையைப் போட்டா ஆள் நோன்பு பிடிக்காமலே மெலிஞ்சிருவான்."

"உனக்கு நான் தைக்கிறதில்லையே. உண்ட வயித்தைச் சுத்தி வர என்ட அளவுநாடா காணாது" என்றார் ஸஹாப்தீன்.

மச்சானும் மச்சானும் கதைத்தால் இப்படித்தான். அந்தப் பகிடியில் கோபித்தவன் தோற்றவன். அது அங்கே பழக்கம். உம்மாவைத் திட்டாத வரைக்கும் மச்சான் எதையும் சொல்லலாம், செய்யலாம்.

அஸீம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். "ஊருக்கெல்லாம் பிறை காட்டுற ஆளுக்கு நான் ஒரு பிறை காட்டுறன். தலையைத் தூக்குங்க."

"தம்பி, வெளியில போய் விளையாடு" என்றாள் றுக்கியா.

"இரிங்க ராத்தா. மச்சான், இஞ்ச பாருங்க."

வாடிக்கைக்காரர்கள் உடுப்பைப் போட்டுப் பார்க்கிறதற்கு மெசினுக்கு எதிரே ஆள் உயர நிலைக்கண்ணாடி ஒன்று நின்றது. அஸீம் அந்தக் கண்ணாடியில் டோர்ச்சை அடித்து, மணிக்கட்டை வளைத்து ஒரு பிறையைக் கீறினான். பார் என்று சொன்னபடியால் ஸஹாப்தீன் பார்த்தார். கண்ணாடியில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து அவருடைய இரண்டு கண்ணையும் வளைத்து வெட்டிக்கொண்டு போயிற்று. இமை மூடுகிறதற்குள் முடிந்துவிட்டது.

அவர் கையில் இருந்த துணி கீழே விழுந்தது. நோவு இல்லை. ஒரு நீலம் மட்டும் தலை முழுவதும் நிறைந்து நின்றது.

"பிறை தெரிஞ்சிதா மச்சான்?" என்று கேட்டுச் சிரித்தான் அஸீம்.

"தெரிஞ்சிது, தெரிஞ்சிது. போடா அங்கால" என்று ஸஹாப்தீனும் சிரித்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தார்.

மறுநாள் விடிந்து பார்த்தபோது நீலம் போயிருந்தது. ஆனால் அது இருந்த இடத்தில் வளைந்த ஒரு கறுப்பு நின்றது. ஊசியைப் பார்த்தால் ஊசியின் காது இல்லை. ஊசியை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் அது இருக்கிறது. குர்ஆனைத் திறந்தால் வரி இருக்கிறது, ஓதுகிற எழுத்து மட்டும் இல்லை. எதைப் பார்க்க நினைக்கிறாரோ அதை மட்டும் பார்க்க ஏலாத கண்ணாகிவிட்டது. சுற்றிவர எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது.

றுக்கியாவிடம் மட்டும் சொன்னார். அவள் பயந்துபோனாள். நூல் கோத்துக் கொடுத்தாள், கோணிய தையலைப் பிரித்துத் தைத்தாள். ஆனால் வெளியில் சொல்ல விடவில்லை.

"தம்பிட பேரை எடுத்திராதீங்க. வருசத்தில ஒருக்கா லீவில வாறவன். அவன் வேணுமெண்டா செய்தான்? ரெண்டு நாளில மாறிரும்."

அவரும் மாறிவிடும் என்றுதான் இருந்தார். கண் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும். டைலர் நானாவுக்குக் கண் தெரியாதாம் என்று கதை பரவினால் பிறகு அவர் யார்? ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையை ஏந்தி, "யா அல்லாஹ், இந்தக் கறுப்பை எடுத்துவிடு" என்று அழுதார். அஸீமைச் சபிக்கவில்லை. அந்த மனிதரின் குணம் அப்படி.

இருபத்தொன்பதாம் நோன்பன்று பெருநாள் பிறை பார்க்கிற அந்தியும் வந்தது. போகாமல் விடுவோம் என்று படுத்திருந்தார். ஆள் மேல் ஆள் வந்து கூப்பிட்டார்கள். அஸீமே வந்து கையைப் பிடித்துத் தூக்கினான். "வாங்க மச்சான், சனம் காத்துக்கொண்டு நிக்கிது."

பாலத்தடியில் நல்ல கூட்டம். வானம் சிவந்து சாம்பலாகியது. ஸஹாப்தீன் பார்த்தார். கண்ணை மூடினார். பிஸ்மி சொல்லித் திறந்தார்.

பகலெல்லாம் கறுப்பாக நின்ற கறை அந்த மங்கிய வானத்தில் கறுப்பாக இல்லை. மெலிந்த, வளைந்த, வெள்ளியால் கீறினது போல ஒரு கோடு நின்றது. கறுப்பு எங்கே போயிற்று என்று தேடினார், இல்லை. பிறைதான் இருந்தது. அல்லாஹ் துஆவைக் கேட்டுக் கண்ணைத் திருப்பித் தந்துவிட்டான் என்று அவருடைய நெஞ்சு விம்மியது. கண்ணீர் ஓட ஓட விரலைத் தூக்கினார்.

"அந்தா" என்றார்.

"எனக்கும் தெரியுது" என்று கத்தினான் அஸீம். டோர்ச்சை எடுத்து, மச்சானின் விரல் காட்டிய திசைக்கு நீட்டமாக ஒரு நீலக் கோட்டை அடித்தான். "அந்தக் கோட்டு நுனியில பாருங்க." எத்தனையோ பேர் ஓம் ஓம் என்றார்கள். தக்பீர் முழங்கியது. கடைத்தெருவில் வெடி கொளுத்தினார்கள். பெண்கள் மறுநாளைக்கு அரிசி ஊறப்போட்டார்கள். ஸஹாப்தீனைத் தோளில் தட்டித் தட்டிப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பள்ளியில் நஸ்ரி மௌலவி தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். இளம் ஆள், ஆனால் முறை தவறாதவர்.

"கொழும்புப் பிறைக் கமிட்டிக்கு அறிவிக்க முன்னுக்கு நான் சாட்சியை விசாரிக்கணும் நானா. கோபிக்காதீங்க."

"கேளுங்க மௌலவி."

"சூரியன் விழுந்த இடத்துக்கு எந்தப் பக்கம்?"

"நேர் மேல."

"கொம்பு ரெண்டும் எந்தப் பக்கம் பாத்தது?"

"கீழ" என்றார் ஸஹாப்தீன்.

மௌலவி நிமிர்ந்தார். சூரியன் கீழே போன பிறகு நிற்கிற பிறையின் கொம்பு மேலே பார்க்கும். அது கிண்ணியாவில் மீன் விற்கிறவனுக்கும் தெரியும். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க நானா. கிண்ணம் மாதிரி இருந்ததா, கவிட்டு வச்ச கிண்ணம் மாதிரியா?"

"கவிட்டு வச்ச மாதிரி. நான் கண்டதைத்தானே சொல்லணும்."

"இப்பவும் தெரியுமா?"

அவரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மேற்கே பார்த்து, "அந்தா, இப்பவும் இரிக்கி" என்றார். முன்பிருந்ததை விட உயர இருக்கிறது என்றார். கூட்டம் மேற்கே பார்த்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. மௌலவி அவருடைய தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினார். மூதூர்ப் பக்கம், கொட்டியாரக் குடாவின் மேலே, இருண்டுபோன கிழக்கு.

"இஞ்ச பாருங்க நானா. இஞ்ச ஏதும் தெரியுதா?"

ஸஹாப்தீன் பார்த்தார். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லோடு தப்பியிருக்கலாம். ஆனால் அவர் இத்தனை காலமும் கண்டதைக் கண்டேன் என்று சொல்லியே வாழ்ந்தவர்.

"இஞ்சயும் இரிக்கி மௌலவி" என்றார்.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "டைலர் நானா பிறையைப் பொக்கட்டுக்குள்ள கொண்டு திரியிறார்" என்றான் ஒருவன். "பொத்தானைத் தைச்சுவிட்ட மாதிரி மேற்கில ஒண்டு, கிழக்கில ஒண்டு" என்றான் இன்னொருவன். சிரிப்பு அடங்கக் கோபம் வந்தது. வெடி கொளுத்தினவர்கள், அரிசி ஊறப்போட்ட வீட்டுக்காரர்கள், பிள்ளைகளுக்கு நாளைக்குப் பெருநாள் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள். ஊரைப் பெருநாளில் நோன்பு பிடிக்க வைத்தாலும் பாவம், நோன்பில் பெருநாள் கொண்டாட வைத்தாலும் பாவம் என்று ஒருவர் சத்தம் போட்டார். எத்தனை வருடம் இப்படி ஏமாற்றினாரோ என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல்தான் ஸஹாப்தீனைக் குத்தியது.

ஐதுறூஸ் ஹாஜியார் அஸீமைப் பார்த்தார். "உனக்கும் தெரியுதெண்டு சொன்ன நீ?"

"மச்சான் காட்டினார் ஹாஜியார். அவர் காட்டினா இருக்குமெண்டு சொன்னன்" என்றான் அஸீம். "வயசு போகுதுதானே. கண் பூத்திருக்கும், பாவம்."

ஸஹாப்தீன் தலையைத் தூக்கினார். "ஹாஜியார், எனக்குக் கண் பூக்கல்ல. நோன்புக்குள்ள இவன் அந்த டோர்ச்சை நிலைக்கண்ணாடியில அடிச்சவன். அது திரும்பி என்ட கண்ணில பட்டது. அண்டைக்கிலிருந்து இப்படித்தான். அதை நான் முந்திச் சொல்லியிருக்கணும். சொல்லாதது என்ட பிழை."

அவர் அந்தியில் சொன்னதில் உண்மை இல்லை. இப்போது சொன்னது முழுக்க உண்மை. ஆனால் கேட்ட காதுகள் ஒன்றுதான்.

"டோர்ச் அடிச்சுக் கண் போகுமா?" என்று ஹாஜியார் கேட்டார். "அப்பிடியெண்டா டோர்ச்சோட நண்டு பிடிக்கப் போறவன் எல்லாம் குருடனாப் போயிருக்கணும்." மறுபடி சிரிப்பு.

"நான் நிலைக்கண்ணாடிக்குத்தான் அடிச்சனான், ஆளுக்கு அடிச்சனானா?" என்றான் அஸீம். பிறகு தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று விளங்கியவன் போல, "அப்பிடி அடிச்ச ஞாபகமும் இல்ல" என்றான்.

"வேற கண்ட ஆள் இரிக்கா?" என்று மௌலவி கேட்டார்.

"இரிக்கி. என்ட பெண்சாதி" என்றார் ஸஹாப்தீன். அவருக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

மௌலவியும் ஹாஜியாரும் அவரோடு வீட்டுக்கு நடந்தார்கள். அஸீமும் பின்னால் வந்தான். றுக்கியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவின் பின்னால் நின்றாள். மௌலவி நடந்ததை மரியாதையாகச் சொல்லி, "நீங்க கண்டீங்களா தாயே? அல்லாஹ்வை முன்னிறுத்திச் சொல்லுங்க" என்றார்.

அவள் கணவனைப் பார்த்தாள். ஹாஜியாரின் முதுகுக்குப் பின்னால் நின்ற தம்பியைப் பார்த்தாள். அஸீம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், உம்மாவிடம் அடி வாங்கப்போகிற பிள்ளை மாதிரி.

"நான் குசினிக்குள்ள அடுப்படியில நிண்டனான்" என்றாள் றுக்கியா.

ஸஹாப்தீன் அவள் முகத்தைப் பார்த்தார். அவர் பார்த்த இடத்தில் முகம் இருக்கவில்லை, முக்காட்டின் ஓரம்தான் இருந்தது.

அந்த நோன்பை ஊர் முப்பதாக முடித்தது. முப்பதாம் நோன்போடு அவர் தனியாகப் பஸ் ஏறித் திருகோணமலைக்குப் போனார். பஸ்ஸின் பெயர்ப் பலகையை வாசிக்க ஏலாமல் ஏறிய பஸ்ஸில் இறங்குமிடத்தைக் கேட்டுக் கேட்டுப் போனார். கண் டொக்டர் பாக்கியரத்தினம் மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து நீண்ட நேரம் பார்த்தார்.

"நடுவில எரிஞ்சு வடுவாப் போச்சு ஐயா. ரெண்டு கண்ணிலையும். திரும்பி வரும் எண்டு நான் பொய் சொல்ல மாட்டன்."

"லேசர் டோர்ச் பட்டதால எண்டு எழுதித் தருவீங்களா?"

"லேசரால இப்பிடி வரும். சூரியனை உத்துப் பாத்தாலும் இப்பிடி வரும். வடுவைப் பாத்து எதாலை எண்டு சத்தியம் பண்ண என்னால ஏலாது."

டொக்டர் நேர்மையாகத்தான் சொன்னார். அதை ஸஹாப்தீனும் நேர்மையாக வந்து பள்ளியில் சொன்னார். ஹாஜியார் அதில் பாதியைப் பிடித்துக்கொண்டார். "அதுதானே. வருசா வருசம் விழுற சூரியனை முழிச்சுப் பாத்துக்கொண்டு நிண்டா கண் என்னத்துக்கு ஆகும்?" ஊருக்கு அது விளங்கியது. விளங்குகிற காரணம் கிடைத்த பிறகு எவருக்கும் வேறு காரணம் தேவைப்படவில்லை. ஊருக்காக அவர் நின்ற அந்திகளே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டன.

பெருநாள் விடிந்தது. றுக்கியா வட்டிலப்பம் வைத்துக் கொடுத்தாள். அவர் வாங்கிச் சாப்பிட்டார். தொழுகை முடிந்து பள்ளி முற்றத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் கட்டித் தழுவி, செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி கைகொடுத்து முஸாபஹா செய்தார்கள். ஸஹாப்தீன் வேலியோரமாக வெளியே போகப் பார்த்தார். இரண்டு பேர் வழி விட்டார்கள், கை நீட்டவில்லை. ஒரு வாலிபன், "நானா, இப்ப எத்தினை பிறை?" என்று மெதுவாகக் கேட்டான்.

அப்போது புது ஜுப்பாவும் அத்தர் வாசமுமாக அஸீம் கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு வந்தான். மச்சானின் இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தினான். எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னான்.

"மச்சான், என்ட பேரில ஒரு பழியைப் போட்டீங்க. பள்ளிக்குள்ள வச்சுச் சொன்னீங்க. பரவாயில்ல. இண்டைக்குப் பெருநாள். அல்லாஹ்வுக்காக உங்களை நான் மன்னிச்சிட்டன்."

சொல்லிவிட்டு இறுக்கிக் கட்டிப்பிடித்தான்.

ஸஹாப்தீனின் கைகள் இரண்டும் பக்கத்தில் தொங்கின. முற்றம் முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. மன்னித்தவனைத் திருப்பித் தழுவாதவன் பெருநாளில் என்ன மனிதன் என்று அந்தப் பார்வை கேட்டது. பிறகு கையைத் தூக்கி மச்சானின் முதுகில் வைத்தார்.

"நல்ல பக்குவமான மனிசன்" என்றார் ஐதுறூஸ் ஹாஜியார், பக்கத்தில் நின்றவரிடம். அஸீமைத்தான் சொன்னார்.